நூற்றி நாலு

இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து உட்காருங்கள் என்று பெனிட்டா மேடம் சொன்னதும் ஜீவிதா கதவைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை, இடைவேளைக்குப் பிந்தைய வகுப்பு, சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது, உயிர்ப் புள்ளியியல் என்று கால அட்டவணையில் போட்டிருந்த பாடம். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டால் போதும், யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை என்று அவள் நிம்மதியாக இருந்த ஒரே பாடம், அதிலும் இப்போது ஜோடி சேர வேண்டுமாம். அவள் உடனே தலைகளை எண்ணத் தொடங்கினாள். ஒற்றைப்படையாக வந்தால் மிஞ்சப்போவது தான்தான், மிஞ்சினால் மேடம் எல்லார் முன்னாலும் கூப்பிட்டு ஏதாவது ஒரு ஜோடியோடு மூன்றாவதாகத் தள்ளிவிடுவார், அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அந்தப் பார்வை. இரட்டைப்படையாக வந்தாலோ யாரோ ஒருத்தி வேறு வழியில்லாமல் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும், வரும்போது தோழிகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவாள், அதுவும் ஒரு பார்வை. எது மேல் என்று தெரியவில்லை. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு, தன்னைச் சேர்த்து ஐம்பத்தெட்டு. இரட்டைப்படை. பெஞ்சுகள் தரையில் கிறீச்சிட்டன, பைகள் இடம் மாறின, ஏய் நீ இங்க வா, நான் இவகூட, இல்ல நான் முதல்லயே சொல்லிட்டேன் என்று வகுப்பு முழுக்கக் கைகள் கைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது அவள் குனிந்து, கையிலேயே இருந்த பேனாவைப் பைக்குள் தேடினாள்.

நாற்பத்தியோரு நாள். எண்ணக் கூடாது என்றுதான் இருந்தாள், ஆனால் எண்ணிக்கை தானாக ஓடிக்கொண்டிருந்தது, குளிக்கும்போதும், மெஸ்ஸில் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போதும். வெள்ளகோவிலிலிருந்து சென்னைக்கு வந்து, முதல் வருட விலங்கியல் என்று அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி நாற்பத்தியோரு நாள். இந்த வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை விடுமுறை தொடங்குகிறது. ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வரப்போவதில்லை என்று யாரிடமும் சொல்லாமல் முடிவு செய்திருந்தாள், முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது, காலையில் கண் விழிக்கும்போது ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிற ஒரு நினைப்பு. அப்பா வழியைத் திறந்துதான் வைத்திருந்தார். முடியலன்னா வந்துரு கண்ணு, அதிலொண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல என்று சென்ட்ரல் ஸ்டேஷனில் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். படிச்சுத்தான் தீரோணும் என்று அதட்டியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருப்பாள். திறந்து கிடக்கிற கதவை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது. தப்பு யார்மேலும் இல்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண்ணிடம், உங்களுக்கு ஜன்னலோரம் வேணுங்களா என்று கேட்டாள். அந்தப் பெண் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரோ பெரியவர்கள் வந்து நிற்கிறார்களோ என்று. அவள் ஊரில் நாலு வயசுக் குழந்தையையும் வாங்க, சாப்பிடுங்க என்றுதான் சொல்வார்கள், நாக்கில் ஊறிய மரியாதை அது, பிரியமும் அதுதான். இங்கே அது தூரமாக இருந்தது, சிலருக்குக் கிண்டலாகவும் பட்டது. நான் என்ன உன் மாமியாரா என்று வகுப்பில் ஒருத்தி சிரித்தாள், கெட்ட சிரிப்பில்லை, கெட்ட சிரிப்பாக இருந்திருந்தால் கோபித்துக்கொண்டாவது இருக்கலாம். அதற்குப் பிறகு எதைச் சொல்வதானாலும் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் அந்த ‘ங்க’வைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சொல்லத் தயாராவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். வாயைத் திறந்து மூடிக்கொள்வாள். நாளடைவில் திறப்பதும் நின்றுபோனது. அம்மாவிடம் மட்டும் தினமும் எட்டு மணிக்குப் பேசினாள். புள்ளைங்கெல்லாம் நல்லாப் பழகறாங்களா கண்ணு என்று அம்மா கேட்க, பழகறாங்கம்மா என்று ஆரம்பித்து, பிரீத்தி என்று ஒருத்தியை உண்டாக்கினாள். பிரீத்திக்கு விழுப்புரம், அவளுக்குக் கத்தரிக்காய் ஆகாது, தூக்கத்தில் பேசுவாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து பிரீத்தி ஆளாகிவிட்டாள். போன வாரம் வந்த பார்சலில் அம்மா பிரீத்திக்கென்று முறுக்கைத் தனியாகக் கட்டி, மேலே பெயர் எழுதி அனுப்பியிருந்தாள். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவும் மனசு வரவில்லை, யாருக்காவது கொடுக்கவும் வழியில்லை, பெட்டிக்கு அடியில் துணிகளுக்கு நடுவே கிடந்தது.

“எந்திரிச்சு வா, இல்லன்னா தள்ளி உக்காரு,” என்று ஒரு குரல் தலைக்கு மேலே கேட்டது. மூன்றாவது பெஞ்சுப் பெண், மூக்கின் மேல் மச்சம் இருக்கிறவள். எப்போதும் இரண்டு பேரோடுதான் போவாள், மூன்று பேரில் ஒருத்தி மிஞ்சித்தானே ஆக வேண்டும். ஜீவிதா சுவரோடு சுவராக நகர்ந்தாள். தேவைக்கு மேலேயே நகர்ந்துவிட்டாள், நடுவில் இன்னொருத்தி உட்காரலாம்போல் இடம் கிடந்தது, மச்சக்காரி அதைப் பார்த்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தாள். மேடம் தன் கையையே தூக்கிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். குட்டையான ஆள், பலகையில் எட்டி எழுதுவதால் முழங்கை வரை சாக்பீஸ் தூள், இன்றைக்குக் குரல் வேறு கம்மியிருந்தது. புள்ளிவிவரம் புத்தகத்திலிருந்து வருவதில்லை, உங்கள் உடம்பிலிருந்து எடுக்கலாம் என்றார். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் இரண்டு விரலை வைக்க வேண்டும், ஒரு நிமிஷம், முழுசாக அறுபது நொடி எண்ண வேண்டும். கட்டைவிரலை வைக்காதீர்கள், அதற்குள்ளேயே ஒரு துடிப்பு இருக்கிறது, அதை வைத்தால் நீங்கள் உங்களையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள் என்றார். அந்த வாக்கியம் ஜீவிதாவின் மனசில் எங்கோ போய்த் தைத்து நின்றது. அதற்குள் மச்சக்காரி அவள் இடது கையை மேசைமேல் இழுத்து வைத்துத் திருப்பிவிட்டாள்.

விரல்கள் ஜில்லென்றிருந்தன. “என்ன, கை இப்படி வேர்க்கு,” என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சில் முணுமுணுத்துவிட்டு, தன் துப்பட்டாவில் அவள் மணிக்கட்டைத் துடைத்தாள், பாத்திரத்தைத் துடைப்பதுபோல அத்தனை சாதாரணமாக. பிறகு மறுபடியும் விரலை வைத்துத் தேடினாள். “கெடைக்க மாட்டேங்கு. அசையாத.” ஜீவிதா அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை. மேடம் கடிகாரத்தைப் பார்த்து, தொடங்குங்கள் என்றார், ஐம்பத்தெட்டுப் பேர் இருக்கிற அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது, வராந்தாவுக்கு அப்பால், பாட்டில்களில் உயிரினங்களை வைத்திருக்கும் காட்சி அறையிலிருந்து வருகிற ஃபார்மலின் நெடி, பக்கத்துப் பெண்ணின் தலையிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசம், இவ்வளவு பக்கத்தில் ஒரு தலை, உதடுகள் சத்தமில்லாமல் அசைகின்றன, ஒன்பது, பத்து, பதினொன்று. கடைசியாக இந்தக் கையைத் தொட்டது யார். சென்ட்ரலுக்கு எதிரே ரோட்டைக் கடக்கும்போது அப்பா மணிக்கட்டைப் பிடித்தார், பத்து வயசுக்குப் பிறகு பிடித்ததே இல்லை, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் கூச்சத்தோடு விட்டுவிட்டார், சட்டையைச் சரிசெய்துகொண்டார். அதற்குப் பிறகு பஸ்ஸில் இடித்தவர்கள் இருக்கிறார்கள், மெஸ்ஸில் குழம்பு ஊற்றும் அக்காவின் கை பட்டிருக்கிறது, அவையெல்லாம் கணக்கில்லை. நாற்பத்தியோரு நாள் ஒரு மனுஷியும் தொடாமல் இருக்க முடியும் என்றும், இருக்கிறவளுக்கே அது தெரியாமல் இருக்க முடியும் என்றும், இப்போது தொட்டபிறகுதான் தெரிந்தது, அது தெரிந்த வேகத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, ஐயோ இது கேட்கும், விரலுக்குக் கேட்கும், எண்ணிவிடுவாள். நிதானம், நிதானம் என்று சொல்லிக்கொண்டாள், சொல்லச் சொல்ல அது இன்னும் ஓடியது. வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற பன்னிரண்டு தறிகளும் நினைவுக்கு வந்தன, பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவள், கரண்ட் நின்றால்தான் விழிப்பு வரும், இங்கே ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகு வருகிற அமைதியில் முதல் வாரம் முழுக்கத் தூங்கவே இல்லை, காதைத் தலையணையில் அழுத்தினால் உள்ளே ஒரு தறி ஓடும், அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள், அது இதுதானா, இந்த அறுபது நொடியில் வெளியே எடுத்துக் காட்டப்போவது அதைத்தானா. அழுதுவிடக் கூடாது. எதற்கு அழ வேண்டும், ஒரு பாடம், ஒரு செய்முறை. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு காகம் அலகைத் தேய்த்தது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நிறுத்துங்கள் என்றார் மேடம்.

மச்சக்காரி விரலை எடுக்கவில்லை. நூற்றி நாலு என்றாள். ஜீவிதாவின் முகத்தைப் பார்த்தாள், கையை மாற்றிக்கொண்டு தன் கையை நீட்டினாள், இப்ப நீ எண்ணு என்று. தோலுக்கடியில் முதலில் ஒன்றுமில்லை, பிறகு நரம்பை ஒட்டி ஒரு சின்னத் தட்டல், கதவை ரொம்ப மரியாதையாகத் தட்டுவதுபோல. தொடங்குங்கள் என்ற குரலுக்குப் பிறகு ஜீவிதா எண்ணினாள். விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் வேறெதையும் நினைக்கவில்லை. முப்பதுக்கு மேல் அந்தத் துடிப்பு அவளுக்குப் பழகிவிட்டது, அடுத்தது எப்போது வரும் என்று விரலுக்கே தெரிந்திருந்தது, ஐம்பதில் மச்சக்காரி தும்மலை அடக்கியபோது ஒன்று முன்னால் வந்து விழுந்தது, அதையும் சேர்த்துக்கொண்டாள். நிறுத்துங்கள் என்றபோது எழுபத்தாறு. தலை நிமிர்ந்தபோது விசித்திரமாக இருந்தது, எங்கோ போய்விட்டு வந்ததுபோல. முழுசாக ஒரு நிமிஷம் தன்னைப் பற்றி நினைக்காமல் இருந்திருக்கிறாள். சென்னைக்கு வந்தபின் இது முதல் தடவை.

பலகையில் மேடம் ஒரு நீளக் கோடு போட்டு, ஐம்பத்தைந்திலிருந்து நூற்றிப் பத்து வரை குறித்திருந்தார். ஒவ்வொருவராகப் போய்த் தன் எண்ணுக்கு மேலே ஒரு புள்ளி வைக்க வேண்டும். வரிசை நகரத் தொடங்கியதும் மச்சக்காரி அவள் பக்கம் சாய்ந்து, “எண்பத்தி நாலுன்னு போட்டுரு, யாருக்குத் தெரியும்,” என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஜீவிதாவும் தலையாட்டத்தான் போனாள், எண்பத்தி நாலு நல்ல எண், நடுவில் கூட்டத்தோடு நிற்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் தலை ஆடவில்லை. சாப்பிட்டேன், பழகறாங்க, பிரீத்தி நல்லா இருக்கிறா, நல்லாத் தூங்கினேன் என்று இத்தனை நாள் தன்னிடமிருந்து வெளியே போனது எல்லாமே பொய், இந்த ஒரு எண்தான் தன்னைக் கேட்காமல் வெளியே போன நிஜம், அதையும் மாற்றிவிட்டால் பிறகு இங்கே தான் வந்திருந்ததற்கே ஒன்றும் இல்லை என்று பட்டது. இவ்வளவையும் சொல்லத் தெரியவில்லை. “வேண்டாமுங்க,” என்றாள், “அதுவே இருக்கட்டுமுங்க.” ‘ங்க’வைப் பொறுக்கி எடுக்க மறந்துபோனது. மச்சக்காரி தோளைக் குலுக்கினாள்.

அவள் முறை வந்தபோது பலகையில் ஏற்கெனவே ஒரு குன்று எழும்பியிருந்தது, எழுபதுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் புள்ளிகள் ஏறி நின்றன, இரண்டு பக்கமும் சரிவு. நூற்றி நாலுக்குக் கூட்டத்தைத் தாண்டி, வெற்றுக் கோட்டைத் தாண்டி, பலகையின் ஓரம் வரை நடக்க வேண்டியிருந்தது. புள்ளி வைத்தாள். சாக்பீஸ் உடைந்து விழுந்தது. திரும்பி நடக்கையில் யாரோ ஊ என்று மெதுவாகச் சத்தம் கொடுக்க ஒரு சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகத் தாவிப் பின்னால் போனது. எல்லாரும் வைத்து முடித்ததும் மேடம் அந்த ஓரத்துப் புள்ளியைக் காட்டி, இது எதனால் இருக்கும் என்று வகுப்பைக் கேட்டார். காப்பி குடித்திருப்பாள், மாடிப்படி ஏறி ஓடி வந்திருப்பாள், ஜுரம், எண்ணினவளுக்கு எண்ணத் தெரியவில்லை, லவ்வாக இருக்கும் மேடம். மறுபடியும் சிரிப்பு. மேடம் அவளையே கேட்டார். எழுந்து நின்றாள். காரணம் தொண்டை வரை வந்தது, யாரோ கையைப் பிடித்ததினால் என்று ஒரு வகுப்பின் நடுவில் எப்படிச் சொல்வது. தெரியலீங்க மேடம் என்றாள். சரி, உட்கார் என்று சொல்லிவிட்டு மேடம் பலகைக்குத் திரும்பினார், ஆறுதலாக ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை, அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று மேடத்துக்குத் தெரிந்திருக்காது. முன் பெஞ்சில் ஒருத்தி, அந்த ஒண்ணை எடுத்துட்டா அழகா வரும் மேடம் என்றாள். மேடம் அந்தப் புள்ளியைத் திரும்பிப் பார்த்தார்.

“அழகா வரும்,” என்றார். “ஆனா அது வேற வகுப்பா இருக்கும்.”

பிறகு கணக்குப் போட்டார்கள். அந்தப் புள்ளியை விட்டுவிட்டு ஐம்பத்தேழு பேருக்குச் சராசரி எழுபத்தொன்பது. சேர்த்துப் போட்டால் எழுபத்தொன்பதே கால், எழுபத்தொன்பதே முக்கால் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், ஜீவிதா நோட்டின் கடைசிப் பக்கத்தில் தானாகவே வகுத்துப் பார்த்தாள், எழுபத்தொன்பது புள்ளி நாலு. அப்படியானால் ஓரத்தில் நிற்கிற ஒருத்தியால் மொத்த வகுப்பும் அரைத் துடிப்புக்குக் கொஞ்சம் குறைவாக நகர்கிறது. அடுத்து மேடம் எல்லாரையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் யார் என்று பார்க்கச் சொன்னார், அது இடைநிலை, அங்கே எழுபத்தெட்டு, இவளைச் சேர்த்தாலும் எழுபத்தெட்டு, எடுத்தாலும் எழுபத்தெட்டு. நூற்றி நாலுக்குப் பதில் இருநூறு என்று வைத்தாலும் அது அசையாது என்றார் மேடம். இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும். தன்னால் எல்லாரும் நகர்ந்திருக்கிறார்கள், தன்னால் யாரும் நகரவில்லை. அவளுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது, வாயில் போட்ட நெல்லிக்காயைப்போல் ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்து ஓரத்தில் ஐம்பத்தெட்டு என்று ஒரு புள்ளி தனியாக நின்றதை அப்போதுதான் பார்த்தாள். அது யார், ஓட்டப் பந்தயக்காரியா, அத்தனை நிதானமாக ஒரு நெஞ்சு எப்படி அடிக்கும், அவளைக் கேட்டால் சொல்வாளா. மணி பன்னிரண்டரை ஆகப்போகிறது என்பதைப் பார்த்தபோது, இதற்குள்ளாகவா என்று நினைத்தாள். அப்படி நினைத்தது தானா என்று அதையும் ஒரு தரம் நினைத்துப் பார்த்தாள்.

கடைசி ஐந்து நிமிஷத்தில் மேடம் தாள்களைக் கொடுத்தார். யார் யாரை எண்ணினார்கள், எத்தனை என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மச்சக்காரி தாளைத் தன் பக்கம் இழுத்து எழுதினாள், எண்ணப்பட்டவர் என்ற இடத்தில் எதுவும் கேட்காமல், கொஞ்சமும் யோசிக்காமல், ஜீவிதா என்று எழுதினாள், முன்னெழுத்தோடு. நூற்றி நாலு. தாளைத் திருப்பி அவளிடம் தள்ளினாள். ஜீவிதா பேனாவைத் திறந்தாள், அடுத்த வரியில் எண்ணப்பட்டவர் என்பதற்கு நேரே முள்ளை வைத்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். தெரியவில்லை. இந்தப் பெண்ணின் பெயர் தெரியவில்லை. மூக்கில் மச்சம் தெரியும், எந்த பெஞ்சு என்று தெரியும், யார் யாரோடு போவாள் என்று தெரியும், சாப்பாட்டு நேரத்தில் எங்கே உட்கார்வாள் என்று தெரியும், தூரத்தில் நின்று பார்க்கிறவளுக்குத் தெரிகிற எல்லாமும் தெரியும். அவளுக்கு முதுகெல்லாம் சூடானது. யாருக்கும் என் பெயர்கூடத் தெரியாது என்று எத்தனை ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், தலையணை நனைய, அதை ஒரு சொத்துபோல் வைத்துக்கொண்டு. அவசரமாக முன் பெஞ்சைப் பார்த்தாள், அதற்கு முன் பெஞ்சை. ஒரு பெயரும் இல்லை. முகங்கள் இருந்தன, சிரிப்புகள் இருந்தன, ஒவ்வொரு சிரிப்பும் தன்னைப் பார்த்தா என்று அளந்து வைத்த கணக்கு இருந்தது, ஐம்பத்தேழு பேரில் ஏழு பெயர்கூடத் தேறவில்லை. முள்ளிலிருந்து மை ஊறித் தாளில் ஒரு பொட்டு விழுந்தது. கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டால் தெரிந்துவிடும்.

“உங்க பேரு என்னங்க?”

மச்சக்காரி பையை மூடிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தாள்போல, சிரிக்க வந்த வாய் பாதியில் நின்றது. முகம் ஒரு நொடி சுருங்கியதை ஜீவிதா பார்த்தாள். அந்தச் சுருக்கம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சுருக்கம், கண்ணாடி இல்லாமலேயே தன் முகத்தில் பலமுறை உணர்ந்தது.

“ஜெருஷா,” என்றாள் அந்தப் பெண். “தெனமும் அட்டென்டென்ஸ்ல உன் பேருக்கு அடுத்த பேரு பிள்ள.”

மணி அடித்தது. ஜெருஷா தோழிகளோடு போய்விட்டாள், வா என்று கூப்பிடவில்லை, கூப்பிடுவாள் என்று ஜீவிதா எதிர்பார்க்கவும் இல்லை. மெஸ்ஸில் வழக்கம்போல் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பாதிச் சாப்பாட்டில்தான் அது எப்படி என்று புரிந்தது. பெயர் வாசிக்க ஆரம்பித்தால் தன் பெயர் நெருங்க நெருங்கக் காது அடைத்துக்கொள்ளும், குரல் சரியாக வருமா, மேடமா சாரா, எதையாவது மாற்றிச் சொல்லிவிடுவோமா என்று. சொல்லி முடித்ததும் ஒரு பெரிய ஆறுதல் வந்து மூடிக்கொள்ளும். அந்த ஆறுதலுக்குள் ஒவ்வொரு நாளும் ஜெருஷா போய்விழுந்திருக்கிறாள், அவளுக்குப் பின்னால் வருகிற அத்தனை பேரும்.

இரண்டு மணிக்கு வேதியியல். சார் தலை நிமிராமல் பெயர் வாசிக்கிறவர். ஜீவிதா, பிரசன்ட் சார். ஆறுதல் வந்தது, அதை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள். ஜெருஷா. மூன்றாவது பெஞ்சிலிருந்து பதில். கனிமொழி என்றால் ஜன்னலோரத்துச் சுருட்டை முடி, லாவண்யா என்றால் மாமியாரா என்று கேட்டவள், மிஸ்பா என்றால் எப்போதும் சளி பிடித்திருப்பவள். ஒவ்வொரு குரலுக்கும் தலையைத் திருப்பித் திருப்பி முகத்தைத் தேடினாள், பக்கத்து வரிசையில் இருந்தவள் என்ன என்பதுபோல் பார்த்தாள். நிரஞ்சனா என்றார் சார். பதில் இல்லை. நிரஞ்சனா என்று இன்னொரு தரம். முன்னாலிருந்து யாரோ, அவ டிசி வாங்கிட்டுப் போயிட்டா சார் என்றாள். எப்போது என்று சார் கேட்டார். போன வாரம் சார், இல்ல, அதுக்கும் முந்தின வாரமா இருக்கும். அப்படியா என்று சொல்லிவிட்டு சார் ஸ்கேலை எடுத்து வைத்து ஒரு கோடு இழுத்தார், பேனாவின் சத்தம் பின் பெஞ்சு வரை கேட்டது.

ஜீவிதா ஞாபகத்தைக் கிளறினாள். உயரமா, குட்டையா, கண்ணாடி போட்டிருந்தாளா, எந்த ஊர். இதே அறையில் ஒரு மாதமாவது இருந்திருக்கிறாள், இதே படிகளில் ஏறியிருக்கிறாள், ஒரு நாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். ஒரு விரல், ஒரு பின்னல்கூட நினைவில் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது, அதைப் பற்றி அவள் எதையும் மாற்றிக்கொண்டிருக்கவில்லை, ஆனால் அது இப்போது காலையில் இருந்த இடத்தில் இல்லை. மூன்றாவது பெஞ்சில் ஜெருஷாவும் அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தாள், அந்தப் பெண் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று தேடுகிறவளைப்போல. இரண்டு பேர் பார்வையும் சந்தித்தது. ஜீவிதா புருவத்தை உயர்த்தி, உனக்குத் தெரியுமா என்பதுபோல் கேட்டாள். ஜெருஷா உதட்டைப் பிதுக்கினாள். சார் அதற்குள் அடுத்த பெயருக்குப் போயிருந்தார். ஜீவிதா கொஞ்சம் முன்னால் சாய்ந்து, முன் பெஞ்சில் இருந்தவளிடம், அந்த நிரஞ்சனா யாருங்க என்று கேட்டாள்.